பச்சைத் தொப்பிக்குப் பத்துப் பேர்

லிண்டன் ஃபால்ஸ், மின்னசோட்டா
7 அக்டோபர் 2018, ஞாயிறு

அன்பு மகள் மாரிசெலாவுக்கு,

உன் அப்பா ரொஹேலியோ கான்டூ எழுதுவது. முழுப்பெயரைப் போட்டதற்குக் காரணம், மூன்று வாரமாக நீ என் ஃபோனை எடுக்கவில்லை. எந்த அப்பா என்று மறந்துபோயிருக்கலாம். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது 1984-ல், உன் அம்மாவுக்கு. அதில் பதினோரு பிழை என்று எல்விரா இன்றைக்கும் விரல்விட்டுச் சொல்வாள். இதிலும் இருக்கும். பொறுத்துக்கொள்.

எதற்குக் கோபம் என்று உன் அம்மாவைக் கேட்டேன். "உங்களுக்கே தெரியலன்னா அதுதான் காரணம்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். பிறகு யோசித்தேன். உனக்குப் பதவி உயர்வு வந்ததற்கு உன் அலுவலகத்தார் வைத்த விருந்து. எல்லோரும் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசினார்கள். நானும் எழுந்து, "கம்பெனி மலர்ல போட ஒரு மாநிற மூஞ்சி தேடினாங்களாம். என் மூஞ்சியைப் பாத்துப் பயந்துபோய் என் பொண்ணை எடுத்துக்கிட்டாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் நாங்கள் காரில் ஏறும்போது என் கன்னத்தில் முத்தம் வைக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் வைத்தாய்.

அதுதானா? நான் கிண்டல் செய்தது என் மூஞ்சியைத்தானே, கண்ணு. அது என் சொந்தச் சொத்து.

ஊரே வான்கோழி சாப்பிடும் நன்றி நாள் பண்டிகை நெருங்குகிறது. தினம் இருபதாயிரம் வான்கோழி எங்கள் இறைச்சி ஆலையின் பெல்ட்டில் வருகிறது. எலும்பெடுக்கும் வரிசையின் தலைவன் கைல் வேலையை விட்டுப் போகிறான். நான்கு வருடம் வரிசைத் தலைவனுக்கான பச்சைத் தொப்பி போட்டும் இறக்கைக்கும் தொடைக்கும் வித்தியாசம் கற்றுக்கொள்ளாமலே போகிறான். அந்த இடத்துக்கு நாளை சாப்பாட்டு அறைப் பலகையில் தாள் ஒட்டுவார்கள். விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுதலாம். வழக்கம்போல முதல் வரியில் என் பெயரை எழுதி, கடைசி நாள் மூன்று மணிக்கு எல்லோர் முன்னாலும் ஒரு கும்பிடு போட்டு அடித்துவிடுவேன். அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் காத்திருக்கும்.

ஃபோனை எடு.

அப்பா


மினியாபொலிஸ்
15 அக்டோபர் 2018

அப்பாவுக்கு,

எல்லோரும் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேலதிகாரி வால்டர்தான் அதிக நேரம் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காபி இயந்திரத்துக்கு முன்னால் ட்ரென்ட் நின்றான். எனக்குக் கிடைத்த பதவியை அவன் எதிர்பார்த்திருந்தான். "இதையே நான் சொல்லியிருந்தா பெரிய தப்பாயிருக்கும். உங்கப்பாவே சொல்லிட்டாரே" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நட்பாகச் சொன்னான்.

எங்கள் கம்பெனி செய்யும் காதுக் கருவியைப் போட்டுக்கொண்ட முதியவர்கள் மழை நாளில் எல்லாம் இரைச்சலாகக் கேட்கிறது என்று ஆறு வருடம் புகார் சொன்னார்கள். அந்தக் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் நான். அதற்குத்தான் அந்த விருந்து. நீங்கள் எழுந்து பேசிய பிறகு, அது மலரில் போடும் படத்துக்கான விருந்தாகிவிட்டது.

ஆய்வுப் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு காலியாகிறது. விண்ணப்பிக்க நவம்பர் ஒன்பது வரை நாள் இருக்கிறது. படிவத்தை இரண்டு முறை திறந்தேன். இரண்டு முறையும் உங்கள் குரல்தான் கேட்டது. மூடிவிட்டேன்.

ஃபோன் செய்யாதீர்கள். ஃபோனில் நீங்கள் என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள், பிறகு நான் சொல்ல வந்தது போய்விடும். முப்பது வருடமாக அப்படித்தான் நடக்கிறது. எழுதுங்கள், படிக்கிறேன்.

மாரிசெலா


லிண்டன் ஃபால்ஸ்
21 அக்டோபர் 2018, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை லாரி நிறுத்தும் இடத்தில் படித்தேன். இரண்டாவது முறை படிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது. இந்தக் கடிதத்தில் தமாஷ் கிடையாது என்று உன் அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் நம்பவில்லை.

இரண்டு விஷயம் நடந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மேலாளர் ஹால்வர்சன், ரொஹேலியோ என்ற பெயர் வாயில் நுழையாதவர், என்னைக் கூப்பிட்டு, "ராய், இந்தத் தடவை பேரை அடிச்சிடாதே. இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஒரு தடவையாவது பச்சைத் தொப்பி போட்டுக்க. எனக்கும் நிம்மதி" என்றார். நான் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு வெளியே வந்தேன். வந்ததும் நேராகப் பலகைக்குப் போய்த் தாளில் என் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். ஐம்பத்தேழு வயதில் இப்படியா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை இரண்டாவது விஷயம். எனக்கு எதிரே பெல்ட்டில் நிற்பவள் மூ பா. பர்மாவிலிருந்து வந்த கரென் இனப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். கைல் ஆபீஸில் காபி குடித்த நேரமெல்லாம் வரிசையை ஓட்டியது அவள்தான். புதிதாக வருபவனுக்குக் கத்தி தீட்டச் சொல்லிக்கொடுப்பதும் அவள், பெல்ட் நின்றால் எங்கே சிக்கல் என்று முதலில் பார்ப்பதும் அவள். தாளில் என் பெயருக்குக் கீழே ஒன்றுமே இல்லாததைப் பார்த்து, சாப்பிடும்போது கேட்டேன்.

"நீ ஏன் எழுதல?"

"உங்க பேரு மேல இருக்கே மாமா."

"இருந்தா?"

"பெரியவங்க ஒண்ணு கேட்டா, அதையே நாங்களும் கேப்போமா? எங்காளுங்க யாரும் எழுத மாட்டாங்க."

"அட, அது தமாஷும்மா. கடைசி நாள் அடிச்சிடுவேன்."

"தெரியும். மூணு மணிக்கு அடிப்பீங்க. மூணேகாலுக்குத் தாளை எடுத்துடுவாங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

பக்கத்து மேசையில் சோமாலியக்காரன் இப்ராஹிம் இருந்தான். அவனிடமும் கேட்டேன். "உங்க பேரை முதல்ல பாத்தா, முடிவு பண்ணிட்டுத்தான் தாளையே ஒட்டியிருக்காங்கன்னு நாங்க நெனைப்போம். எழுதி எதுக்கு அசிங்கப்படணும்?" என்றான். குவாத்தமாலாக்காரர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? நம் ஸ்பானிஷ் பேசுகிற ஒரே பெரிய ஆள், அவரோடு போட்டி போட்டால் பகைத்துக்கொள்வார் என்று.

நான்கு வருடத்துக்கு முன்னால் அந்தத் தாளில் என் பெயருக்குக் கீழே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. கைல். அவனுக்கு என்னிடம் மரியாதையும் கிடையாது, பயமும் கிடையாது. அதனால் எழுதினான். நான் மூன்று மணிக்குக் கும்பிடு போட்டேன், எல்லோரும் கைதட்டினார்கள், தொப்பி அவனுக்குப் போயிற்று.

இப்போது சொல், நான் என்ன செய்யட்டும்? நாளைக்கே அடித்துவிட்டு, மூ பாவுக்கு விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லட்டுமா?

அப்பா


மினியாபொலிஸ்
27 அக்டோபர் 2018

அப்பா,

விட்டுக்கொடுக்காதீர்கள். அதுவும் ஒரு கும்பிடுதான். எல்லோரும் கைதட்டுவார்கள். அவளுக்கு ஒரு தொப்பி கிடைக்கும், அதோடு "ராய் போட்ட பிச்சை" என்ற பெயரும் கிடைக்கும். அந்தப் பெயரோடு வேலைக்குப் போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். வேண்டாத ஒன்றுக்கு யாராவது இருபத்திரண்டு வருடம் பெயர் எழுதுவார்களா? முதல் முறை எழுதியபோதும் அது தமாஷ்தானா?

அதைச் சொல்லாமல் வேறு கதை எழுதினால் நான் பதில் போட மாட்டேன்.

மாரிசெலா


லிண்டன் ஃபால்ஸ்
4 நவம்பர் 2018, ஞாயிறு

மகளே,

நீ வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும்.

1996 வசந்த காலம். உனக்கு எட்டு வயது. ஆறு வருட அனுபவம், என்னை விட வேகமாகத் தொடை எலும்பு எடுக்கிறவன் அந்த ஷிஃப்டில் இல்லை. தாள் ஒட்டினார்கள். நான் கழிப்பறையில் போய்க் கையை இரண்டு முறை கழுவிவிட்டு வந்து, பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி, கோட்டுக்கு மேலே எழுத்து உட்காரும்படி என் பெயரை எழுதினேன். எனக்குத்தான் என்று ஊரே சொன்னது. உன் அம்மா முடிவு தெரியும் முன்பே கேக் செய்துவிட்டாள்.

அன்றைக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் ஸ்டர்ஜிஸ் என்று ஒருவர். சாப்பாட்டு அறையில் தாளைக் கையில் எடுத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். என் பெயர் வந்ததும் நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்து, "கான்டூ, பச்சைத் தொப்பி உன் மீசைக்கு ஒத்துவராதுப்பா. உங்காளுங்க பண்ணையில பீட்ரூட் புடுங்கற ஞாபகம் வந்துடும்" என்றார்.

நூற்று இருபது பேர் சிரித்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. நான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். எழுந்துபோய்ப் பேனாவை வாங்கி என் பெயரை நானே அடித்து, ஒரு கும்பிடும் போட்டேன். கைதட்டினார்கள். ஸ்டர்ஜிஸ் என் தோளில் தட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளிலும் முதலில் எழுதி, யாரும் சிரிக்கும் முன்னால் நானே அடிக்கிறேன். அடி விழும் முன்னால் நானே விழுந்துவிட்டால் வலிக்காது என்று கண்டுபிடித்த விஞ்ஞானி உன் அப்பா.

விருந்தில் நான் செய்ததும் அதேதான் என்று உன் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது. அந்தப் பெரிய ஹாலையும் வால்டரின் கோட்டு சூட்டையும் பார்த்தேன். யாராவது உன்னைப் பார்த்துச் சிரிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். உன் பெயரை நானே அடித்துவிட்டேன். மன்னித்துவிடு. இதில் தமாஷ் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் தாளிடம் போனேன். முதல் வரியில் இருந்த என் பெயரை அடித்தேன். சிலர் கைதட்ட ஆரம்பித்தார்கள், ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டது என்று. கையைக் காட்டி நிறுத்தினேன். தாளில் பத்து வரி. பத்தாவது வரியில் மறுபடி என் பெயரை எழுதினேன்.

"இத்தனை வருஷம் எழுதினது தமாஷ். இது தமாஷ் இல்ல. எனக்குப் பச்சைத் தொப்பி வேணும். மேல ஒன்பது இடம் காலியா இருக்கு. வேணுங்கறவங்க எழுதுங்க. நான் யாரையும் பகைச்சுக்க மாட்டேன். ஆனா ஜெயிக்கப் பாப்பேன்" என்றேன்.  பேனாவை அடுத்தவருக்காகப் பலகையிலேயே மாட்டிவிட்டு வந்தேன்.

ஹால்வர்சன் வந்து, "சும்மா கிடைக்கிறதைப் போட்டிக்கு விடறியே, உனக்குக் கிறுக்கா?" என்றார். தொழிற்சங்கத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எழுதுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஷிஃப்ட் வரிசையை ஓட்டக் கொடுக்க வேண்டும், மேலாளர் பாதி சங்கம் பாதி மதிப்பெண் போட வேண்டும் என்று பழைய விதியைத் தூசி தட்டி எடுத்துவிட்டார்கள். அப்படி ஒரு விதி இருப்பதே கைலுக்குத் தெரியாது.

மூ பாதான் சிக்கல். "இப்ப நெஜமாவே வேணும்கறீங்க. அப்ப நான் எப்படி மாமா எழுதுவேன்?" என்கிறாள். தமாஷாக இருந்தபோதாவது அவளைச் சம்மதிக்க வைத்திருக்கலாம் போலிருக்கிறது.

அப்பா


மினியாபொலிஸ்
8 நவம்பர் 2018

அப்பா,

அந்தக் கேக்கை எனக்குத் தெரியும். மேலே பச்சை நிறச் சர்க்கரைப் பூச்சு. யாருக்கும் பிறந்தநாள் இல்லை. எதற்கு என்று கேட்டேன், அம்மா சொல்லவில்லை. நீங்கள் உள்ளே வந்து, "வான்கோழிக்குப் பிறந்தநாள்" என்றீர்கள். நான் மூன்று துண்டு சாப்பிட்டேன். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் என் நாக்கு பச்சையாக இருந்தது, எல்லோருக்கும் காட்டினேன். அன்றைக்கு எங்கள் வகுப்பிலேயே பெருமையான ஆள் நான்தான். இருபத்திரண்டு வருடம் கழித்து இப்போதுதான் அழுகிறேன்.

படிவத்தை இன்று காலை அனுப்பிவிட்டேன். ட்ரென்டும் அனுப்பியிருக்கிறான். அனுப்பிவிட்டேன் என்று காபி இயந்திரத்துக்கு முன்னால் அவனிடம் நானே சொன்னேன். நட்பாகத்தான் சொன்னேன்.

உங்கள் போட்டி முடிந்ததும் எழுதுங்கள். ஃபோன் செய்தாலும் எடுப்பேன். ஆனால் கடிதம்தான் வேண்டும். கடிதத்தில் நீங்கள் வேறு ஆளாக இருக்கிறீர்கள். அவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் மாரிசெலா


லிண்டன் ஃபால்ஸ்
9 டிசம்பர் 2018, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

கடிதத்தில் இருக்கும் அந்த ஆளைப் பற்றி உன் அம்மாவிடம் சொன்னேன். "எனக்கும் அறிமுகப்படுத்துங்க" என்றாள்.

முதலில் மூ பா. தாள் எடுக்க ஒரு நாள் இருக்கும்போது அவள் முதல் வரியில், அடித்த என் பெயருக்குப் பக்கத்திலேயே, குட்டி எழுத்தில் தன் பெயரை எழுதினாள். எப்படி மனசு மாறியது என்று கேட்டேன். அவளுடைய அம்மாவிடம் கேட்டாளாம். "அந்தப் பெரியவர் உன்னை எழுதச் சொன்னாரா?" என்றாளாம் அந்த அம்மா. "சொன்னார்" என்றாளாம் இவள். "பெரியவங்க சொன்னதை மீறக் கூடாது. போய் எழுது" என்றாளாம். இப்படி ஒரு மூளை எங்கள் சங்கத்தில் இருந்தால் சம்பளம் என்றைக்கோ ஏறியிருக்கும்.

அவள் எழுதியதும் மற்ற வரிகள் ஒரே மதியத்தில் நிரம்பின. இப்ராஹிம், இன்னும் இரண்டு சோமாலியர், மூன்று கரென், ஒரு குவாத்தமாலாக்காரன், நம் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் நார்வேக்காரி ஸொல்வெய், நான். ஆளுக்கு ஒரு ஷிஃப்ட். இரண்டு வாரம். வெள்ளிக்கிழமை முடிவு சொன்னார்கள்.

என் நாள் நன்றாகத்தான் போயிற்று. யார் கையும் வெட்டுப்படவில்லை. கதை சொல்லிக்கொண்டே ஓட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கிறவன் கத்தியை நிறுத்திவிடுகிறான் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. எண்பத்து நான்கு மதிப்பெண். இப்ராஹிமுக்கு எண்பத்து மூன்று. ஒரு மதிப்பெண்ணில் அவனைத் தோற்கடித்தேன் என்பதைக் குறித்துக்கொள், நானும் அவனிடம் தினம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூ பாவுக்குத் தொண்ணூற்று ஒன்று.

அவள் நாளன்று காலையில் முதல் வேலையாக இடது கைக்காரர்கள் யார் யார் என்று கேட்டாள். மூன்று பேர். மூவரையும் பெல்ட்டுக்கு மறுபக்கம் மாற்றி நிறுத்தினாள். அவ்வளவுதான். இருபத்தெட்டு வருடமாக இடது கைக்காரன் முழங்கை என் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தது. அது வேலையோடு சேர்ந்தது, மழை மாதிரி, என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு இடிக்கவில்லை. மதியத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, நான் தோற்றுவிட்டேன் என்று. தெரிந்தும் கை வேகமாகத்தான் ஓடியது. அவ்வளவு நல்ல வரிசையில் நான் நின்றதே இல்லை.

ஹால்வர்சன் பச்சைத் தொப்பியைக் கொடுத்தபோது அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். போட்டுக்கொண்டாள். நேராக என்னிடம் வந்தாள். ஏதோ நன்றி சொல்லப் போகிறாள், அழாமல் இருக்க வேண்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"மாமா, மீசை வெளிய இருக்கு. கறியில முடி விழும், முக வலையை மேல இழுத்து மாட்டுங்க" என்றாள்.

பச்சைத் தொப்பி விஷயத்தில் ஒருவர் என் மீசையைப் பற்றிப் பேசியது இது இரண்டாவது தடவை. இந்தத் தடவை சொன்னது சரி. வெளியேதான் இருந்தது. இழுத்து மாட்டிக்கொண்டேன்.

தோற்றதில் வருத்தம் உண்டு. அதை மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் பசித்தது. எழுந்துபோய்ச் சாப்பிட்டேன். 1996-ல் மூன்று நாள் சாப்பிடவில்லை.

அப்பா


மினியாபொலிஸ்
12 டிசம்பர் 2018

என் அன்பு அப்பாவுக்கு,

எண்பத்து நான்கு. என் குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் கொண்டுவந்த மதிப்பெண் அட்டைகளை நீங்கள் ஒட்டிய மாதிரி.

இங்கே கடைசி இரண்டு பேரில் நான் ஒருத்தி. இன்னொருத்தன் ட்ரென்ட். முடிவு ஜனவரியில்தான். நேர்முகத்தில் வால்டர் என்னிடம், "உன்னை ஏன் எடுக்கணும்?" என்றார். மழை நாள் இரைச்சலைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். அவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை, 21-ஆம் தேதி, எங்கள் பிரிவின் ஆண்டுக் கடைசி விருந்து. அதே ஹால். நீங்களும் அம்மாவும் வர வேண்டும். நீங்கள் பேசவும் வேண்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். ஒரு தமாஷுக்கு அனுமதி உண்டு. முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள்.

அம்மாவிடம் அந்தக் கேக்கைச் செய்யச் சொல்லுங்கள். முடிவு தெரிவதற்கு முன்னால் செய்கிற கேக். முடிவு எதுவானாலும் எல்லோர் முன்னாலும் சாப்பிடலாம்.

மாரிசெலா


லிண்டன் ஃபால்ஸ்
16 டிசம்பர் 2018, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

கேக் இரண்டு செய்தாயிற்று. ஒன்று உனக்காகக் குளிர்பெட்டியில் இருக்கிறது. இன்னொன்றை வெள்ளிக்கிழமை சாப்பாட்டு அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உன் அம்மா கூடவே வந்தாள், நான் வழியில் பேசிப் பேசிக் கீழே போட்டுவிடுவேன் என்று. இப்ராஹிம் ஆட்களுக்காகப் பன்றிக் கொழுப்பு சேர்க்காமல் வெண்ணெயில் செய்திருந்தாள். அதைச் சொன்னதும் முதல் துண்டை அவன்தான் எடுத்தான்.

"யாருக்குப் பொறந்த நாள்?" என்றாள் மூ பா.

"உன் தொப்பிக்கு" என்றேன். "இருபத்திரண்டு வருஷம் லேட்டு."

எல்விரா அந்தப் பச்சையில் எதையுமே குறைக்கவில்லை. பதினைந்து நிமிடத்தில் சோமாலியர், கரென், நார்வேக்காரி, குவாத்தமாலா, ஹால்வர்சன் உட்பட அத்தனை பேர் நாக்கும் பச்சை. மூ பா ஒரு கண்ணாடியில் தன் நாக்கைப் பார்த்துவிட்டு, மணி அடித்ததும் அதே நாக்கால் எங்களை வேலைக்கு விரட்டினாள்.

நீ கேட்ட தமாஷ். இருபது எழுதினேன், பத்தொன்பதை அடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது இது. திருத்தி அனுப்பு:

"போன தடவை என் பொண்ணு இந்த வேலைக்கு எப்படி வந்தான்னு இங்க ஒரு பொய் சொன்னேன். உண்மை என்னன்னா, காது கேக்காதவங்களைக் கேக்க வைக்கறா. என்கிட்டதான் அதைப் பழகினா. எனக்கு முப்பது வருஷம் கேக்கல."

சிரிப்பு வராவிட்டால் பரவாயில்லை. நான் கும்பிடு போடப் போவதில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வேன், கேக்கை நீ வெட்டு. வால்டருக்கும் ட்ரென்டுக்கும் பெரிய துண்டாகக் கொடு. அப்புறம் காபி இயந்திரத்துக்கு முன்னால் யார் வாயைத் திறந்தாலும் உனக்குப் பச்சைதான் தெரிய வேண்டும்.

வெள்ளிக்கிழமை காரில் ஏறும்போது என் கன்னத்தை நீட்டுவேன். மீசையைக் கவனிக்காதே.

அப்பா